காற்றுக்குக் கட்டுப்பட்ட சுக்கான்

கடல் வழி வந்தவர்கள் – வரலாற்றுத் தொடர், பகுதி 19

ஒவ்வொரு நவம்பரிலும் கிள்ளான் துறைமுகத்திலிருந்து பாய்மரப் படகுகள் கூட்டமாக வடக்கே புறப்படுகின்றன. ராயல் சிலாங்கூர் யாட் கிளப் 1990இல் தொடங்கிய ராஜா மூடா சிலாங்கூர் பன்னாட்டுப் போட்டி அது. முதல் ஓட்டம் பங்கோர் வரை. பிறகு பினாங்கு, அதன்பின் லங்காவி. கோல சிலாங்கூரும் தஞ்சோங் காராங்கும் சிகிஞ்சானும் உறங்கும் நேரத்தில், சுங்கை பஞ்சாங் வயல்களுக்கு மேற்கே, கரையிலிருந்து கண்ணுக்கு எட்டாத தொலைவில் அந்தப் படகுகளின் சிவப்பு, பச்சை விளக்குகள் நகர்ந்துபோகின்றன. போட்டியின்போது சுக்கானை மனிதக் கைதான் பிடிக்க வேண்டும் என்பது பாய்மரப் போட்டிகளின் பொது விதி. போட்டி முடிந்து குழு கலைந்து, இரண்டு மூன்று பேர் மட்டும் படகைத் தெற்கே திருப்பிக் கொண்டுவரும்போது நிலைமை வேறு. அப்போது சுக்கான் இயந்திரத்தின் பொறுப்பில் இருக்கிறது.

சென்ற பகுதியில் ராஜுலா கப்பலைப் பற்றி எழுதினேன். 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடி நம் குடும்பங்களில் பாதியைக் கொண்டுவந்த கப்பல். நம் தோட்டக் கதைகளில் கங்காணி வருகிறார், கிராணி வருகிறார், தொரை வருகிறார், கப்பலும் வருகிறது. அந்தக் கப்பலை இரவு பகலாக நேரே பிடித்து வந்த சுக்கானி மட்டும் வருவதில்லை. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கப்பல்களில் சுக்கானைப் பிடித்தவர்கள் இந்திய மாலுமிகளே. வெள்ளைக்கார அதிகாரி திசையைச் சொல்வார். திசைகாட்டியின் முள்ளைப் பார்த்தபடி நின்று, அலை தள்ளத் தள்ளக் கப்பலைத் திரும்பத் திரும்ப அந்தத் திசைக்கே கொண்டுவருவது சுக்கானியின் வேலை. அந்த வேலையை இயந்திரம் எப்படிக் கற்றுக்கொண்டது என்பதே இந்தப் பகுதி. அதிலும் பாய்மரப் படகின் சுக்கானை. ஏனென்றால் பாய்மரத்தில் திசைகாட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது.

நீராவிக் கப்பலுக்கு வடமேற்கே போ என்றால் போகும். காற்று எங்கிருந்து அடித்தாலும் அதன் இயந்திரத்துக்குக் கவலை இல்லை. பாய்மரப் படகு காற்றோடு ஓர் உடன்பாட்டில் ஓடுகிறது. காற்று வலப்பக்கத்தில், மூக்கிலிருந்து 60 பாகையில் வருகிறது என்றால் அதற்கேற்ப பாயை இழுத்துக் கட்டுகிறோம். காற்று 20 பாகை முன்னால் திரும்பினால் அதே பாய் படபடக்கிறது, வேகம் செத்துப்போகிறது. பின்னால் திரும்பினால் பாய் காற்றை வீணாக்குகிறது. பின்காற்றில் ஓடும்போது அது பின்புறத்தைக் கடந்து மறுபக்கம் போய்விட்டால், பாயின் அடியிலுள்ள பூம் என்ற கனத்த மரம் ஒரே வீச்சில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அடிக்கும். வழியில் தலை இருந்தால் தலை போகும். ஆகவே பாய்மரச் சுக்கானிக்குத் திசை இரண்டாவது. காற்றின் கோணம் முதலாவது. காற்றைக் கன்னத்திலும் காது மடலிலும் உணர்ந்து, பாயின் விளிம்பு நடுங்குவதைக் கண்ணால் பார்த்து, கை தானாகச் சுக்கானைத் திருப்ப வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்தும் நாகூரிலிருந்தும் மரைக்காயர்களின் பாய்க்கப்பல்கள் பினாங்குக்கு ஓடிய காலத்தில் அவற்றின் மாலுமிகள் அப்படித்தான் வங்கக் கடலைக் கடந்தார்கள். அந்த அறிவு ஏட்டில் எழுதி வைக்கப்பட்டதல்ல, உடம்பில் இருந்தது.

ஆனால் உடம்புக்குத் தூக்கம் வேண்டும். தனியாகக் கடலைக் கடக்க நினைத்த ஒவ்வொருவரும் மோதி நின்ற சுவர் இதுதான்.

அந்தச் சுவரை முதலில் தாண்டியவர் ஜோஷுவா ஸ்லோக்கம். 1895 முதல் 1898 வரை ஸ்ப்ரே என்ற சிறு பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றி வந்தார். அப்படிச் செய்த முதல் மனிதர். அவரிடம் எந்த இயந்திரமும் இல்லை. ஸ்ப்ரேயின் உடல் நீளமாக, நிதானமாக இருந்தது. பாய்களைச் சரியாக அமைத்துச் சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டால் அது தானே காற்றோடு கோணம் மாறாமல் போய்க்கொண்டிருந்தது. நமக்குப் பக்கத்துக் கடலில்தான் அதன் உச்சம் நடந்தது. ஆஸ்திரேலியாவின் வடமுனையிலுள்ள வியாழன் தீவிலிருந்து கொக்கோஸ் கீலிங் தீவுகள் வரை 2,700 கடல்மைல், 23 நாள். அந்த 23 நாளில் தாம் சுக்கானைத் தொட்டது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை என்று ஸ்லோக்கம் எழுதினார். அதில் துறைமுகத்துக்குள் நுழைந்த நேரமும் அடக்கம். ஒரே சீராக வீசும் தென்கிழக்குக் காற்றும் அப்படி ஒரு படகும் அமைந்ததால் முடிந்தது. எல்லாப் படகுக்கும் அது வாய்க்காது.

இடையில் இயந்திரங்கள் வந்தன. ஆனால் அவை திசைகாட்டியின் பிள்ளைகள். அமெரிக்காவில் ஸ்பெர்ரியின் கம்பெனி 1920களில் சுழல்காட்டியைக் கொண்டு கப்பல்களின் சுக்கானைத் தானாகத் திருப்பியது. அதே காலத்தில் ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன நிக்கோலாய் மினோர்ஸ்கி, நல்ல சுக்கானி என்னதான் செய்கிறார் என்பதைக் கூர்ந்து கவனித்து 1922இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தத் தொடரில் இதுவரை வந்த எல்லாக் கண்டுபிடிப்புகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இது. கப்பல் விலகியிருக்கும் அளவை மட்டும் பார்த்து நல்ல சுக்கானி சுக்கானைத் திருப்புவதில்லை. எவ்வளவு வேகமாக விலகிக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்க்கிறார், கப்பல் திரும்பி வரத் தொடங்கியதும் முன்கூட்டியே சுக்கானைத் தளர்த்துகிறார். கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்ந்து ஒரே பக்கம் நழுவினால் அதையும் மனத்தில் சேர்த்துவைத்து ஈடுகட்டுகிறார். இந்த மூன்றையும் மினோர்ஸ்கி கணக்காக எழுதினார். 1923இல் நியூ மெக்சிகோ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் அது சோதிக்கப்பட்டது. இன்று தொழிற்சாலைக் கொதிகலனின் வெப்பத்தை நிலையாக வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் வரை அந்தக் கணக்கு பரவியிருக்கிறது. செம்பனை ஆலைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் தினமும் தொடும் பெட்டிக்குள் ஒரு சுக்கானியின் கைப்பழக்கம் இருக்கிறது.

காற்றுக்குக் கட்டுப்படும் சுக்கான் வேறு வழியில், பெரிய கம்பெனிகளின் உதவி இல்லாமல் வந்தது. குளத்தில் பொம்மைப் படகுப் பந்தயம் விடுபவர்கள் 1930களிலேயே அதைச் செய்துவிட்டார்கள். பொம்மைப் படகில் சுக்கானி ஏற முடியாது. ஆகவே படகின் பின்னால் ஒரு மெல்லிய தகட்டை நிறுத்தி, காற்று அதைத் திருப்ப, அது சுக்கானைத் திருப்பும்படி அமைத்தார்கள். பிரெஞ்சுக்காரர் மரேன்-மரி 1936இல் தம் மோட்டார் படகில் இப்படி ஒரு தகட்டைப் பொருத்தி அட்லாண்டிக்கைக் கடந்தார். ஆனால் பாய்மரப் படகு மாலுமிகளின் கைக்கு இதைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஹெர்பர்ட் ஹாஸ்லர்.

ஹாஸ்லர் பிரிட்டிஷ் கடற்படைத் துருப்பின் அதிகாரி. 1942 டிசம்பரில் பிரான்சின் போர்டோ துறைமுகத்தில் ஜெர்மன் கப்பல்களைத் தகர்க்க, மடக்குப் படகுகளில் போன பத்துப் பேரில், உயிரோடு திரும்பிய இருவரில் ஒருவர். அதன்பின் அவர் வந்தது தமிழ்க் கடற்கரைக்கு. 1944இல் இலங்கையில் அமைந்த சிறுபடகுப் படைக் குழுவில் பணியாற்றினார். அதன் தலைமை முகாம் யாழ்ப்பாணக் கரையில், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே போர்த்துக்கீசியர் கட்டி டச்சுக்காரர் புதுப்பித்த ஹம்மன்ஹீல் கோட்டையின் பெயரைத் தாங்கியிருந்தது. அந்த அமைப்பைச் சேர்ந்த உளவுக் குழு ஒன்று 1945 ஜூனில் நம் சிலாங்கூரின் மோரிப் கடற்கரைக்கே இரவில் வந்து மணலையும் சேற்றையும் ஆராய்ந்துவிட்டுப் போனது. செப்டம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷ் படைகள் அங்கே இறங்கின. ஜப்பான் அதற்குள் சரணடைந்துவிட்டது.

போர் முடிந்ததும் ஹாஸ்லர் ஒரே ஆள் ஓட்டக்கூடிய படகைத் தேடினார். ஜெஸ்டர் என்ற 25 அடிப் படகு அப்படி வந்தது. சீனப் படகுகளில் பார்க்கும் மடிப்புப் பாய் ஒன்று, கயிற்றுத் தாங்கல் இல்லாத தனி மரம். படகின் நடுவிலுள்ள வட்டத் திறப்பில் நின்றபடியே எல்லாக் கயிறுகளையும் இழுக்கலாம். சுக்கானைக் காற்றிடம் ஒப்படைக்கும் அமைப்பு படகின் பின்புறத்தில் இருந்தது.

அதே அமைப்பை 1960களில் அவர் மேலும் செம்மைப்படுத்தினார். உலகெங்கும் இன்றுவரை பயன்படும் வடிவம் அது. படகின் பின்விளிம்பில் மெல்லிய பலகை ஒன்று நிற்கிறது. இது காற்றுப் பலகை. படகு காற்றோடு சரியான கோணத்தில் போகும்போது அதன் விளிம்பு காற்றை நோக்கி இருக்கும்படி பூட்டிவிடுகிறோம். படகு வழி தவறினால் காற்று அதன் முகத்தில் அடிக்கும், பலகை சாயும். ஆனால் இவ்வளவு சிறிய பலகைக்குப் பெரிய சுக்கானைத் திருப்பும் வலு ஏது? இங்கேதான் ஹாஸ்லரின் மூளை வேலை செய்தது. பலகை சுக்கானைத் தொடுவதே இல்லை. நீருக்குள் தொங்கும் ஒரு மெல்லிய துடுப்பைச் சற்றே முறுக்குகிறது, அவ்வளவுதான். ஓடும் பேருந்தின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி உள்ளங்கையைச் சாய்த்தால் கை மேலே தூக்கி எறியப்படுமே, அப்படித் துடுப்பு முறுக்கப்பட்டதும் ஓடும் நீர் அதைப் பலமாக ஒரு பக்கம் வீசுகிறது. துடுப்பிலிருந்து இரண்டு கயிறுகள் கப்பிகள் வழியாகச் சுக்கானின் கைப்பிடிக்குப் போகின்றன. வீச்சின் வலு முழுவதும் சுக்கானை இழுக்கிறது. படகு திரும்புகிறது, காற்றுப் பலகை நிமிர்கிறது, துடுப்பு நேராகிறது. காற்று கட்டளையிடுகிறது, கடல் உழைக்கிறது. படகு எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு வலு கூடுகிறது. மின்சாரம் ஒரு துளி தேவையில்லை.

1960 ஜூனில் இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து நியூயார்க்கிற்கு முதல் தனியாள் அட்லாண்டிக் போட்டியை ஹாஸ்லரே ஏற்பாடு செய்தார். ஐந்து படகுகள் கலந்துகொண்டன. பிரான்சிஸ் சிச்செஸ்டர் 40 நாளில் வென்றார். அவர் படகில் மிராண்டா என்று பெயர் வைத்த பெரிய காற்றுப் பாய் சுக்கானை நேரடியாகத் திருப்பியது. ஹாஸ்லர் 48 நாளில் இரண்டாவதாக வந்தார். வழி முழுவதிலும் அவர் கையால் சுக்கான் பிடித்தது ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஸ்லோக்கத்துக்குச் சீரான காற்று தந்த வரத்தை, வட அட்லாண்டிக்கின் குழப்பமான காற்றில் ஒரு பலகையும் சில கயிறுகளும் தந்துவிட்டன.

இனி ராஜுலாவின் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற இளம் ஆங்கிலேயர் அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியில் அதிகாரியாகக் கடல் ஏறியவர். இந்தியாவுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் இடையே ஓடிய காலத்தில் சொந்தமாக ஒரு படகு கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். நார்வே நாட்டு மீட்புப் படகுகளின் வழிவந்த பழைய வரைபடம் ஒன்றை வாங்கி பம்பாயில் கொடுத்தார். அங்கிருந்த இந்தியத் தச்சர்கள் தேக்கில், வாய்ச்சியும் கைத்துளைப்பானும் கொண்டு கட்டினார்கள். 32 அடி நீளம், இரண்டு பாய்மரம், கனத்த நீண்ட அடிக்கட்டை. 1964 இறுதியில் தண்ணீரில் இறங்கிய அந்தப் படகுதான் சுஹைலி.

1968 ஜூன் 14ஆம் தேதி சுஹைலி பால்மத்திலிருந்து புறப்பட்டது. எங்கும் நிற்காமல், உதவி பெறாமல், ஒரே ஆளாக உலகைச் சுற்ற வேண்டும் என்பது போட்டி. ஒன்பது பேர் புறப்பட்டார்கள். நாக்ஸ்-ஜான்ஸ்டனிடம் பணம் குறைவு. தானே வடிவமைத்த காற்றுச் சுக்கான்தான் அவரிடம் இருந்தது. சுஹைலியின் பின்பாய் படகின் வால்வரை நீண்டு நடுவில் இடமே இல்லாமல் செய்ததால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காற்றுப் பலகைகளை வெளியே நீட்டிய குழாய்ச் சட்டத்தில் பொருத்தியிருந்தார். அதற்கு அட்மிரல் என்று பெயர். தென்கடலின் அலைகள் அட்மிரலை விட்டுவைக்கவில்லை. செப்டம்பரில் நன்னம்பிக்கை முனைக்கு அருகே படகு ஒருமுறை பக்கவாட்டில் படுத்து எழுந்தபோது சட்டம் வளைந்தது. ஆஸ்திரேலியாவை நெருங்கும்போது நீருக்குள் இருந்த துணைச் சுக்கானும் போய்விட்டது. இன்னும் பாதி உலகம் பாக்கி. பசிபிக் முழுவதும், அதன்பின் ஹார்ன் முனை, அட்லாண்டிக்.

அவர் திரும்பிவிடவில்லை. ஸ்லோக்கத்தின் வழிக்குப் போனார். முன்பாயை இவ்வளவு, பெரும்பாயை இவ்வளவு, பின்பாயை இவ்வளவு என்று ஒன்றோடொன்று எடை போட்டு, சுக்கானைக் கட்டிவிட்டு, காற்றோடு படகு தானே கோணம் பிடிக்கும் அமைப்பைத் தேடிக் கண்டுபிடித்தார். அது கிடைத்தபோது தூங்கினார், கிடைக்காதபோது மணிக்கணக்கில் சுக்கானில் உட்கார்ந்தார். 1969 ஜனவரியில் ஹார்ன் முனையைக் கடந்தார். ஏப்ரல் 22ஆம் தேதி, 312 நாளுக்குப் பிறகு, பால்மத்தில் வந்து சேர்ந்தார். ஒன்பது பேரில் சுற்றை முடித்தவர் அவர் ஒருவரே. பரிசுப் பணமான 5,000 பவுண்டை, அந்தப் போட்டியில் உயிரிழந்த டொனால்ட் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். உலகை முதன்முதலில் நிற்காமல் தனியாகச் சுற்றிய படகு பம்பாய்த் தச்சர்களின் கைவேலை. கருவி போனபின்பும் படகைக் காற்றோடு நேரே போகவைத்தது அவர்கள் செதுக்கிய அந்த நீண்ட உடல். அவர்களுக்குரிய இடத்தை வரலாறு இன்னும் முழுமையாகக் கொடுக்கவில்லை என்பது என் கருத்து.

1970களில் மின்னணுக் கருவிகள் மலிவாயின. இங்கிலாந்தில் நாடெக் கம்பெனியின் ஆட்டோஹெல்ம் போன்ற சிறு கருவிகள் சுக்கானின் கைப்பிடியை ஒரு மின்தண்டால் தள்ளவும் இழுக்கவும் செய்தன. முதலில் திசைகாட்டிக்குக் கட்டுப்பட்டவை, பிறகு காற்றையும் கேட்கக் கற்றுக்கொண்டன. இன்று பாய்மரத்தின் உச்சியில் ஒரு சிறு காற்றுமுள் சுழல்கிறது. அது சொல்லும் கோணத்தை ஆட்டோபைலட் ஒவ்வொரு நொடியும் படிக்கிறது. பொத்தானை அழுத்தி 'காற்று' என்று வைத்துவிட்டால், அந்த நேரத்தில் இருக்கும் கோணத்தைப் பிடித்துக்கொண்டு படகை ஓட்டுகிறது.

சொல்வது எளிது, செய்வது கடினம். அலையில் படகு உருளும்போது மரத்தின் உச்சி பல அடி இப்படியும் அப்படியும் வீசுகிறது. அந்த வீச்சே ஒரு பொய்க்காற்றை உண்டாக்குகிறது. முள் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் சுக்கானைத் திருப்பினால் பாட்டரி தீர்ந்துவிடும், படகு பாம்பாக நெளியும். ஆகவே கருவி சற்று நேரம் சராசரி பார்க்கிறது. நல்ல கருவிகள் படகின் உருளலைத் தனியாக அளந்து கழிக்கின்றன. இன்னொரு சிக்கல் பின்காற்றில். ஓடும் படகில் நாம் உணரும் காற்று உண்மைக் காற்றும் படகின் வேகமும் சேர்ந்தது. அலையின் சரிவில் படகு வேகமெடுத்தால் உணரும் காற்று முன்பக்கம் நகர்கிறது. கருவி அதை நம்பி மூக்கைக் காற்றிலிருந்து விலக்குகிறது. அடுத்த நொடி அலை போய்விடுகிறது, வேகம் குறைகிறது, காற்று சட்டென்று பின்னால் தாவுகிறது, பூம் மறுபக்கம் அடிக்கிறது. அதனால்தான் எதிர்க்காற்றில் உணரும் காற்றின் கோணத்தையும், பின்காற்றில் படகின் வேகத்தைக் கழித்துக் கணக்கிட்ட உண்மைக் காற்றின் கோணத்தையும் பிடிக்கச் சொல்கிறார்கள்.

இதை நம் கரையில் வைத்துப் பார்ப்போம். பங்கோரிலிருந்து ஒரு படகு தென்கிழக்கே கிள்ளானுக்குத் திரும்புகிறது. நள்ளிரவு கழிந்து நிலக்காற்று வீசுகிறது. வடகிழக்கிலிருந்து, படகின் இடப்பக்கத்தில், 80 பாகையில். ஆட்டோபைலட்டைக் காற்றுக்கு வைத்துவிட்டு மாலுமி தேநீர் கலக்க உள்ளே போகிறார், அப்படியே கண் அசந்துவிடுகிறார். நிலக்காற்று மெல்ல மெல்ல வடக்கு நோக்கி 30 பாகை திரும்புகிறது. படகும் சொன்ன சொல் தவறாமல் 30 பாகை இடப்பக்கம் திரும்புகிறது. பாய் அழகாக நிறைந்திருக்கிறது, படகு ஆடவில்லை, எந்தச் சத்தமும் இல்லை. 6 நாட் வேகத்தில் இரண்டு மணி நேரம் போனால் 12 கடல்மைல். அதில் 6 கடல்மைல் கரையை நோக்கி. இந்தக் கரையோ வெகுதூரம் வரை சேறும் ஆழமின்மையுமாக நீள்வது. மீனவர்களின் வலைகளும் கம்பங்களும் உண்டு. காற்று எதிர்த்திசையில், கிழக்கு நோக்கித் திரும்பியிருந்தால் படகு நடுநீரிணைக்கு, பெருங்கப்பல்கள் வரிசையாக ஓடும் பாதைக்குப் போயிருக்கும். அப்போது திசைகாட்டிக்கு வைத்திருந்தால் பாய் படபடத்து மாலுமியை எழுப்பியிருக்கும். காற்றுக்கு வைத்த கருவி எழுப்புவதில்லை. காற்று இவ்வளவு திரும்பினால் மணி அடி என்று தனியாக ஓர் எச்சரிக்கையை வைத்தாக வேண்டும்.

இதற்கு நடுவே 'சுமத்ரா' வரும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பின்னிரவிலும் விடிகாலையிலும் சுமத்ராத் தீவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் புயல் வரிசை அது. கரையோரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விடிவதற்குள் மேற்கே கறுத்துக் கொட்டித் தீர்க்கும் அந்த மழை தெரியும். கடலில் அது மேற்கிலிருந்து 40 நாட் வேகத்துக்கு மேலும் வீசக்கூடிய காற்று. நம் படகு இடப்பக்க 80 பாகையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காற்று திடீரென்று மேற்குக்குத் தாவுகிறது. கருவி அந்த 80 பாகையை நிறைவேற்ற வேண்டுமானால் படகை ஏறக்குறைய வடக்கே, வந்த வழிக்கே திருப்ப வேண்டும். திசைகாட்டிக்கு வைத்திருந்தாலோ படகு நேரே நிற்கும், புயல் மறுபக்கத்தில் அடிக்கும், பூம் பறக்கும். இரண்டும் ஆபத்து. மேற்கு வானம் கறுக்கும்போதே பாயைக் குறைத்து, கருவியை அணைத்து, மனிதர் சுக்கானைப் பிடிக்க வேண்டும். மலாக்கா நீரிணை இன்றுவரை ஆட்டோபைலட்டை முழுதாக நம்பவிடாத கடல்.

இந்தக் கடலிலிருந்தே உலகைச் சுற்றப் புறப்பட்டவர்கள் நம் நாட்டில் உண்டு. இன்றைய சிலாங்கூர் சுல்தான் ஷராஃபுடின் இட்ரிஸ் ஷா, ராஜா மூடாவாக இருந்தபோது, 1990களின் நடுவில் ஜுக்ரா என்ற தம் பாய்மரப் படகில் 22 மாதம் உலகைச் சுற்றி வந்தார். அஸார் மன்சோர் 1999 பிப்ரவரி 2ஆம் தேதி லங்காவியிலிருந்து ஜாலூர் கெமிலாங் என்ற படகில் தனியாகப் புறப்பட்டு, ஆகஸ்ட் 11ஆம் தேதி அங்கேயே திரும்பினார். 190 நாள்.

இந்தியக் கடற்படையில் திலிப் டோண்டே 2009–10இல் மாதேய் படகில் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியரானார். அவருக்குப் பயிற்சியிலும் ஆலோசனையிலும் துணை நின்றவர் சுஹைலியின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். மாதேய் கோவாவில் ரத்னாகர் தண்டேகரின் பட்டறையில் கட்டப்பட்டது. அதே படகில் அபிலாஷ் டோமி 2012 நவம்பரில் மும்பையிலிருந்து புறப்பட்டு, எங்கும் நிற்காமல் 2013இல் திரும்பினார். பிறகு அவர் காற்றுப் பலகைக்கே திரும்பிப்போனார். நாக்ஸ்-ஜான்ஸ்டன் வென்ற போட்டி தொடங்கியதன் 50 ஆண்டு நிறைவாக 2018இல் அதே போட்டி மீண்டும் நடந்தது. விதி கடுமையானது: மின்னணு ஆட்டோபைலட் கூடாது, செயற்கைக்கோள் வழிகாட்டி கூடாது. கோவாவில் சுஹைலியின் மறுபிறப்பாகக் கட்டிய துரியா படகில் டோமி போனார். செப்டம்பர் 21ஆம் தேதி தென் இந்தியப் பெருங்கடலின் புயலில் துரியா உருண்டு மரங்கள் முறிந்தன. முதுகெலும்பு உடைந்து படுத்துக் கிடந்தவரை மூன்று நாள் கழித்து ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் மீட்டது.

நான்கு ஆண்டு கழித்து, முதுகில் டைட்டானியக் கம்பிகளோடு, அவர் அதே போட்டிக்குத் திரும்பினார். 2022 செப்டம்பரில் பிரான்சின் லே சாப்ல் தொலோனிலிருந்து 16 பேர் புறப்பட்டார்கள். அந்தப் போட்டியின் தலைவிதியைக் காற்றுப் பலகையே எழுதியது என்று சொல்லலாம். வெகுதூரம் முன்னிலையில் இருந்த சைமன் கர்வெனின் காற்றுச் சுக்கான் ஹார்ன் முனைக்கு முன்பே உடைந்தது. பழுதுபார்க்க சிலி நாட்டில் நின்றதால் முதலிடத்துக்கான தகுதியை இழந்தார். டோமியின் பயானத் படகிலும் அது திரும்பத் திரும்ப உடைந்தது. அவர் படகின் கழிப்பறைக் கதவையே கழற்றி அறுத்து அதற்குப் பலகை செய்துகொண்டார். 2023 ஏப்ரல் 29ஆம் தேதி, 236 நாளுக்குப் பிறகு, வந்து சேர்ந்து இரண்டாமிடம் பெற்றார். முதலிடம் பெற்றவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நொய்ஷாஃபர் என்ற பெண். முழுப் போட்டியையும் விதிப்படி முடித்தவர்கள் மூன்றே பேர்.

டோமியிடம் பயின்ற இருவரில் ஒருவர் புதுச்சேரித் தமிழ்ப்பெண், லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. மற்றவர் கேரளத்தின் தில்னா. இருவரும் 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து தாரிணி என்ற 56 அடிப் படகில் புறப்பட்டார்கள். தாரிணி அதற்கு முன் 2017–18இல் ஆறு பெண்களோடு உலகைச் சுற்றிய படகு. அந்தப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் சுக்கான் அமைப்பு பழுதாகி, திட்டத்தில் இல்லாத மொரீஷியஸில் நிற்க நேர்ந்தது. இம்முறை ஆறு பேர் இல்லை, இரண்டே பேர். ஒருவர் தூங்கினால் மற்றவர் தனி. 25,400 கடல்மைல், 238 நாள், வழியில் மூன்று புயல்கள். பசிபிக்கில் எந்த நிலத்திலிருந்தும் மிகத் தொலைவான நீமோ புள்ளியை 2025 ஜனவரி இறுதியில் கடந்தார்கள். மே 29ஆம் தேதி கோவா திரும்பினார்கள். வங்கக் கடலின் பாய்க்கப்பல் சுக்கானிகளின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. தமிழ்ப் பெயரோடு உலகைச் சுற்றிய இந்தச் சுக்கானியின் பெயரையாவது நம் பள்ளிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பியே இவ்வளவு தூரம் எழுதினேன்.

அடுத்த பகுதியில் வல்வெட்டித்துறை. அங்கே தமிழர்கள் கட்டிய அன்னபூரணி என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் வாங்கினார். 1938 ஆகஸ்டில் அது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. அதில் வல்வெட்டித்துறை மாலுமிகள் இருந்தார்கள்.